சொர்க்கத்திலும் ஊர்ச் சண்டை

ஊருக்குள் கால் வைத்தால் உயிரோடு கொளுத்துங்கள் என்று 1302 மார்ச்சில் ஃப்ளாரன்ஸ் நகரம் கவிஞர் தாந்தேவுக்குத் தண்டனை விதித்தது. பொதுப்பணத்தில் கைவைத்தார் என்று குற்றச்சாட்டு. உண்மையில் அவர் செய்த குற்றம், தோற்ற கட்சியில் இருந்தது. சாகும்வரை ஊர் திரும்பவில்லை.

அந்த நாடோடி வாழ்க்கையில் எழுதியதுதான் ‘டிவைன் காமெடி’. அதன் மூன்றாம் பாகம் சொர்க்கம், 33 படலங்கள். அவர் நேசித்த, இளவயதில் இறந்துபோன பெயாத்ரிசே வழிகாட்ட, தாந்தே சந்திரனில் தொடங்கி ஒன்பது வான மண்டலங்களைத் தாண்டி இறைவனின் ஒளியைத் தரிசிப்பது கதை. இறையியல் கனம் தாங்காமல் பாதியில் மூடிவைப்பவர்கள் உண்டு. எனக்குப் பிடித்தது வேறு: இத்தனை உயரம் போயும் மனிதர் ஃப்ளாரன்ஸை விடவே இல்லை.

சந்திரனிலேயே பிக்கார்தா நிற்கிறாள். கன்னியர் மடத்தில் சேர்ந்திருந்தவளை அண்ணன் கோர்ஸோ தொநாத்தி பலவந்தமாக இழுத்துவந்து கட்டிக்கொடுத்தான். தாந்தேவைத் துரத்திய கறுப்புக் கட்சிக்குத் தலைவன் அதே கோர்ஸோ. தாந்தேயின் மனைவி ஜெம்மாவும் அந்தக் குலத்தில் பிறந்தவர்தான். மேலே போக ஆசையில்லையா என்று கேட்டால் பிக்கார்தா புன்னகைக்கிறாள். கடவுள் வைத்த இடமே நிம்மதி என்கிறாள். கேட்டவருக்கு அந்த நிம்மதி வாய்க்கவில்லை.

செவ்வாயில் தாத்தாவின் தாத்தா காச்சாகுவிதா, நீ நாடு கடத்தப்படுவாய் என்று முன்கூட்டியே சொல்கிறார். கதை நடப்பது 1300இல். பட்டு முடித்ததையெல்லாம் தீர்க்கதரிசனமாக எழுத வசதி! நட்சத்திர மண்டலத்தில் புனித பேதுருவே முகம் சிவந்து, பூமியில் தன் ஆசனத்தில் உட்கார்ந்திருப்பவரை ஏசுகிறார். தாந்தேயின் கட்சியைக் கவிழ்க்கத் துணைபோன போப் எட்டாம் போனிஃபேஸைத்தான் சொல்கிறார். பெயாத்ரிசே பேசும் கடைசிப் பேச்சும் அதே போப்பை நரகக் குழிக்குள் தள்ளித்தான் முடிகிறது.

1321 செப்டம்பரில் ரவென்னாவில் தாந்தே இறந்தபோது கடைசி 13 படலங்களைக் காணோம் என்கிறார் அவர் வாழ்க்கையை எழுதிய பொக்காச்சியோ. மகன்கள் தாங்களே எழுதி முடித்துவிடக்கூடத் துணிந்தார்களாம். பிறகு மகன் ஜாகோப்போவின் கனவில் தந்தை வந்து ஒரு சுவரைத் தொட்டுக் காட்டினார். அங்கே தொங்கிய பாயை விலக்கினால் சின்ன மாடம். உள்ளே ஈரத்தில் பூஞ்சை பிடித்த தாள்கள். கனவு பொக்காச்சியோவின் கைச்சரக்காக இருக்கலாம். ஆனால் பேதுருவின் ஏச்சும் பெயாத்ரிசேயின் கடைசிப் பேச்சும் அந்த 13 படலங்களுக்குள்தான் வருகின்றன. சுவருக்குள் வைக்கவேண்டிய சரக்குதான்.

தாள்களைத் துடைத்து, தாந்தேயின் வழக்கப்படியே முதல் பிரதியை வெரோனாவின் பிரபு கான்கிராந்தேவுக்கு அனுப்பினார்களாம். 1318இல் வேறொரு போப் அவரைத் திருச்சபையிலிருந்தே விலக்கிவைத்திருந்தார்.