திருகோணமலை மரத்துப் பீப்பாய்

தமிழில் சாவண்டலை. சிங்களத்தில் ஹல்மில்ல. ஆங்கிலேய மர வியாபாரிகளோ இரண்டு பெயரையும் விட்டு ‘திருகோணமலை மரம்’ என்றார்கள். நம் துறைமுகத்தின் பெயரை ஒரு மரமே சுமந்து கடல் கடந்தது. தாவரவியலில் அதன் பேரினம் பெர்ரியா. சென்னையில் இருந்த மருத்துவர் ஆண்ட்ரூ பெர்ரியின் நினைவாக வைத்த பெயர்.

இந்த மரத்தில்தான் இலங்கைத் தென்னஞ்சாராயத்தின் பீப்பாய் பிறந்தது.

பாளை சீவி இறக்கும் கள்ளு தானாகவே புளித்துப் பொங்கும். ஒரு நாள் தாண்டினால் காடிதான். புளித்த கள்ளைக் காய்ச்சி வடித்தால் சாராயம். அது கெடாது, கப்பலேறும். இங்கிலாந்துக் கடற்படை கிழக்குக் கடல்களில் ரம் கிடைக்காதபோது மாலுமிகளுக்குச் சாராயத்தை அளந்து கொடுத்தது. ஆனால் புதிதாக வடித்தது தொண்டையை எரிக்கும். ஆறப்போட வேண்டும். எதில்?

கசியாத, வளைத்தால் முறியாத, நேரான நார் ஓடும் பலகை வேண்டும். சாவண்டலையில் அந்தக் குணங்கள் எல்லாம் உண்டு. சென்னைக் கரையின் அலையில் மோதி மோதி நெளிய வேண்டிய மசூலாப் படகுகளுக்கும் இதே பலகை போனது. அப்போது துறைமுகமே இல்லாத சென்னையில், கப்பலுக்கும் கரைக்கும் இடையே ஆளையும் சரக்கையும் சுமந்தவை அந்தப் படகுகள். கயிற்றால் தைத்தவை, ஆணி கிடையாது. 1859இல் இலங்கையைப் பற்றிப் பெரிய நூல் எழுதிய எமர்சன் டெனன்ட், பீப்பாய்க்கும் மசூலாவுக்கும் இந்த மரம் பயன்பட்டதைச் சொல்கிறார். அலைக்கு வளைந்து கொடுத்த மரமே சாராயத்தையும் பொறுமையாகத் தாங்கியது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைகிறது. இன்றும் நல்ல இலங்கைச் சாராயம் ஹல்மில்ல மரத் தொட்டிகளில் ஆண்டுக்கணக்கில் கிடந்துதான் பதமாகிறது.

ஜப்பானின் அரிசி மதுவான சாக்கேயைப் பார்த்தபோது இதே கதை வேறு மரத்தில் தெரிந்தது. அது காய்ச்சி வடிப்பதல்ல. சோற்றில் கோஜி என்ற பூஞ்சணத்தை வளர்த்து நொதிக்க வைப்பது. கோபே பக்கத்து நாடா ஊர்களிலிருந்து எடோ நகரத்துக்கு, அதாவது இன்றைய டோக்கியோவுக்கு, ‘ஜப்பானியத் தேவதாரு’ எனப்படும் சுகி மரப் பீப்பாய்களில் அது கப்பலேறியது. மர வாசம் ஏறிய மதுவையே மக்கள் விரும்பத் தொடங்கினார்கள். அந்த வாசத்துக்காகவே ‘தாருசாக்கே’ இன்றும் விற்கிறது. 2022இல் சாக்கே ஏற்றுமதி ஏறத்தாழ 4,750 கோடி யென். 2024 டிசம்பரில் கோஜி கொண்டு மது ஆக்கும் மரபை யுனெஸ்கோ மானுடத்தின் அருவப் பண்பாட்டு மரபாக ஏற்றது. நெல்லின் வகை, அதை எவ்வளவு தீட்டினார்கள், எந்த ஊர்த் தண்ணீர் என்று ஒவ்வொன்றையும் சொல்லிச் சொல்லியே அவர்கள் உலகத்தின் மேசையில் இடம் பிடித்தார்கள்.

நமக்கும் சொல்ல இருக்கிறது: பாளை, கயிறு கட்டி மரத்துக்கு மரம் நடக்கும் சீவல்காரர், ஆறவைக்கும் மரம். வெளிநாடு போகும் சில போத்தல்களின் அறிமுகத்தில் ஹல்மில்ல என்ற சொல் வந்துவிட்டது. அதற்குப் பக்கத்தில் திருகோணமலை என்று ஒரு சொல் அச்சாகிப் பார்க்க ஆசைப்படுகிறேன்.