ஒரு ஜோடி ஃபெசன்ட்டின் பூர்வீகம்

கார்த்திகை மாதத்து விடிகாலையில் தீனி வைக்கப் போனபோதுதான் சேவலின் வயிற்றில் சிவப்பு இறகுகளைக் கவனித்தேன். லேடி ஆம்ஹர்ஸ்ட் ஃபெசன்ட் சேவலுக்கு வயிறு பால்வெள்ளையாக இருக்கவேண்டும். உச்சந்தலை கரும்பச்சையாக மினுங்கவேண்டும். அதற்குப் பின்னால் பிடரியில் மட்டும் ஒடுக்கமாக ஒரு சிவப்புக் கொண்டை. கால்கள் சாம்பல் நீலம். என் சேவலுக்கோ நெற்றியிலிருந்தே சிவந்திருந்தது. வயிற்று வெள்ளையில் குங்குமம் சிந்தினாற்போல் திட்டுகள். காலில் மஞ்சள் ஓடியிருந்தது. அது ஆம்ஹர்ஸ்ட்டும் கோல்டன் ஃபெசன்ட்டும் கலந்த பிறவி.

பதினான்கு மாதங்களுக்கு முன்னால், நான்கு மாதக் குஞ்சுகளாக, ஜோடி ரூ.18,000 கொடுத்து வாங்கியிருந்தேன். “ஒரிஜினலுங்க அக்கா. தாயும் தகப்பனும் நம்ம கூண்டுலதானுங்க இருக்குது” என்றார் விற்றவர். அட்டைப்பெட்டியில் ஓட்டை போட்டு இரவு பஸ்ஸில் ஏற்றி விட்டார். தாயையும் தகப்பனையும் நான் போய்ப் பார்க்கவில்லை. இந்த இனத்துச் சேவல் முதல் வருடம் பெட்டையைப் போலவே பழுப்பாகத் திரியும். முழு நிறம் ஏற இரண்டாவது வருடம் ஆகும். அதனால் அன்று என் கைக்கு வந்து சேர்ந்தவை இரண்டு பழுப்புப் பறவைகளும் ஒரு சொல்லும்தான். பறவைகள் நன்றாக வளர்ந்தன. சொல் பொய்யாகிப் போனது.

கோபிக்குப் பக்கத்தில் ஒரு சிறிய தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். பதிவுத் தபால் ஒன்று கை மாறும்போதெல்லாம் கொடுத்தவர் யார், வாங்கியவர் யார் என்று ஒரு வரி எழுதப்படும். இந்தப் பறவை எத்தனை கை மாறி என் வீட்டுக் கொல்லைக்கு வந்தது, எந்தக் கையில் அந்த வரி விட்டுப்போனது என்று தேட ஆரம்பித்தேன். தேடல் இருநூறு வருடம் பின்னால் போய், பர்மாவின் ஆவா அரண்மனையில் நின்றது.

1824 முதல் 1826 வரை நடந்த முதல் ஆங்கில–பர்மியப் போரில் கிழக்கிந்தியக் கம்பெனிப் படைக்குத் தலைமை வகித்தவர் சர் ஆர்ச்சிபால்ட் கேம்பல். நம் சென்னை மாகாணத்துச் சிப்பாய்களும் அந்தப் போருக்குக் கடல் தாண்டிப் போனார்கள். போர் முடிந்தபின் ஆவா மன்னர் கேம்பலுக்கு இரண்டு பறவைகளைப் பரிசளித்தார். அவர் அவற்றை அப்போதைய கவர்னர் ஜெனரலின் மனைவி சாரா ஆம்ஹர்ஸ்ட்டிடம் கொடுத்தார். செடிகளிலும் பறவைகளிலும் உயிரை வைத்திருந்த சாரா, அவற்றை இரண்டு வருடம் இந்தியாவில் காப்பாற்றி, 1828-ல் தன்னோடு இங்கிலாந்துக்குக் கப்பலேற்றினார். உயிரோடு கரை சேர்ந்த அவை சில வாரங்களில் இறந்துபோயின. 1829-ல் பறவையியலாளர் பெஞ்சமின் லெட்பீட்டர் அந்தப் புதிய இனத்துக்கு சாராவின் பெயரைச் சூட்டினார்.

இந்தக் கதையில் என்னை நிறுத்திவைத்த ஒரு விவரம் உண்டு: இரண்டுமே சேவல்கள். பெட்டை இல்லை. உயிருள்ள ஆம்ஹர்ஸ்ட்டுகள் மறுபடி ஐரோப்பாவுக்கு வந்து குஞ்சு பொரிக்க இன்னும் நாற்பது வருடம் போலக் காத்திருக்க வேண்டியிருந்தது. அப்போதும் பெட்டைகள் அரிதாகவே வந்தன. வளர்ப்பவர்கள் கையிலோ கோல்டன் ஃபெசன்ட் பெட்டைகள் ஏராளமாக இருந்தன. இரண்டும் சீன மலைகளின் நெருங்கிய உறவுகள். சேர்த்து விட்டால் குஞ்சு வரும், அந்தக் குஞ்சும் முட்டையிடும். ஆம்ஹர்ஸ்ட் சேவலைக் கோல்டன் பெட்டையோடு சேர்த்தார்கள். பிறந்த பெட்டைகளை மறுபடி ஆம்ஹர்ஸ்ட்டோடு சேர்த்தார்கள். நாலைந்து தலைமுறையில் பார்வைக்கு ஆம்ஹர்ஸ்ட் போலவே ஒன்று கிடைத்துவிடும். அதை ஆம்ஹர்ஸ்ட் என்றே விற்றார்கள். என் சேவலின் வயிற்றுச் சிவப்பு அந்தக் காலத்து வழக்கத்தின் தொடர்ச்சி.

கோல்டன் ஃபெசன்ட் அதற்கு வெகுகாலம் முன்பே ஐரோப்பிய மாளிகைகளில் குடியேறிவிட்டது. தங்கநிறக் கொண்டையும், ஆரஞ்சில் கருங்கோடு போட்ட பிடரி விசிறியும், ரத்தச் சிவப்பு மார்பும் கொண்ட அதற்கு லின்னேயஸ் 1758-லேயே அறிவியல் பெயர் சூட்டியிருக்கிறார். 1786-ல் பிரெஞ்சு அரச கூண்டுகளிலிருந்து தளபதி லஃபாயெத் சில ஃபெசன்ட்டுகளை அமெரிக்காவில் ஜார்ஜ் வாஷிங்டனுக்கு அனுப்பினார். அவை இறந்தால் உடலைத் தன் அருங்காட்சியகத்துக்குத் தரும்படி ஓவியர் சார்லஸ் வில்சன் பீல் கேட்டுக்கொண்டார்; வாஷிங்டனும் அனுப்பி வைத்தார். பாடம் செய்யப்பட்ட அந்தக் கோல்டன் ஜோடி இன்றும் ஹார்வர்ட் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அப்போது இவை அரசர்களும் தளபதிகளும் தங்களுக்குள் கொடுத்துக்கொண்ட பரிசுகள். விலை சொல்லி விற்கும் பொருளாக அவை மாறியது பிற்பாடுதான்.

அந்த மாற்றம் தேயிலையின் பின்னால் வந்தது. சீனாவின் கான்டனில் கம்பெனியின் தேயிலைப் பரிசோதகராக இருந்த ஜான் ரீவ்ஸ், வால் மட்டுமே ஆள் உயரத்தைத் தாண்டும் ஒரு ஃபெசன்ட்டை 1831-ல் உயிரோடு லண்டனுக்குக் கொண்டுபோனார். அது இன்று அவர் பெயரால் வழங்குகிறது. துறைமுகத் தெருக்களில் வியாபாரிகள் முளைத்தார்கள். லண்டனில் ஜாம்ராக்கின் கடை மாலுமிகளிடமிருந்து புலி முதல் கிளி வரை வாங்கியது. 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்தபின் கீழ்த்திசைப் பயணம் சுருங்கி, பறவைகள் பிழைத்துக் கரை சேர்வது கூடியது.

தனியார் பண்ணைகளின் பெருமையும் நிலையாமையும் ஒரே ஏலத்தில் தெரிந்தது. லிவர்பூலுக்கு அருகே நோஸ்லியில் பதின்மூன்றாம் டெர்பி பிரபு தம் செலவிலேயே ஒரு பெரும் விலங்ககம் வைத்திருந்தார். 1851-ல் அவர் இறந்தபோது அங்கே 1,272 பறவைகளும் 345 பாலூட்டிகளும் இருந்தன. அந்த அக்டோபரில் எல்லாம் ஏலத்துக்கு வந்தன. பல வருடம் உட்கார்ந்து சேர்த்தது சில நாட்களில் பல திசைக்கும் சிதறியது. இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. என் ஆறு கூண்டுகளுக்கு எனக்குப் பிறகு யார் என்ற கேள்விதான் காரணம்.

ஆனால் அப்படிச் சிதறியவைதான் சிறிய வீடுகளுக்கும் போய்ச் சேர்ந்தன. ஆங்கில இயற்கையியலாளர் டெகெட்மையர் போன்றவர்கள் ஃபெசன்ட் வளர்ப்புக்கென்றே புத்தகம் எழுதினார்கள். கூண்டில் வளர்ந்த ஃபெசன்ட் பெட்டை அடைக்கு ஒழுங்காக உட்காராது; முட்டையை எடுத்து அடைகோழிக்கு வைப்பது அன்றே கண்ட வழி. இன்று நானும் அதைத்தான் செய்கிறேன். என் சிறுவிடைக் கோழி இருபத்திரண்டு, இருபத்துமூன்று நாளில் சீனத்துக் குஞ்சைப் பொரித்து, தன் பிள்ளையாகவே கொத்திக் கொடுத்து வளர்க்கிறது. 1868-ல் லண்டனில் தொடங்கிய ‘எக்ஸ்சேஞ்ச் அண்ட் மார்ட்’ போன்ற விளம்பரப் பத்திரிகைகள், வீட்டில் இருப்பதை முகம் தெரியாதவருக்கு விற்கும் பழக்கத்தைப் பரப்பின. கண்ணால் பார்த்து வாங்கிய காலம் போய், எழுதியதை நம்பி வாங்கும் காலம் வந்தது.

கணக்கில்லாமல் இனம் கலந்தால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்தின் காடே சாட்சி. 1890-களில் வோபர்ன் பண்ணையில் ஆம்ஹர்ஸ்ட்டுகளை வெளியே விட்டார்கள். பெட்ஃபோர்ட்ஷயர் மரங்களுக்கடியில் அவை நூறு வருடத்துக்கு மேல் வாழ்ந்தன. கோல்டனோடு கலப்பு, சிறு கூட்டத்துக்குள்ளேயே திரும்பத் திரும்ப இணைவது, நரிகள், காடு மாறியது எல்லாம் சேர்ந்து 2010-களின் நடுவில் அந்தக் கூட்டம் இல்லாமல் போயிற்று. சீனாவிலும் வடக்கு மியான்மரிலும் ஆம்ஹர்ஸ்ட் தன் சொந்தக் காட்டில் இன்னும் இருக்கிறது. அதனால் அந்த இழப்பைத் தாங்கிக்கொள்ளலாம்.

எட்வர்ட்ஸ் ஃபெசன்ட்டுக்கு அந்த ஆறுதல் இல்லை. நடு வியட்நாமின் மழைக்காட்டுப் பறவை அது: கருநீல உடம்பு, வெள்ளைக் கொண்டை, சிவந்த முகம். 1896-ல் அறிவியல் உலகம் அதை அறிந்தது. குவாங் திரியில் நிர்வாகியாக இருந்த பியேர் ஜபுயின் துணையோடு, பிரெஞ்சுப் பறவையியலாளர் ழான் டெலக்கூர் 1924 முதல் சில வருடங்களில் முப்பதுக்கும் குறைவான பறவைகளை உயிரோடு கொண்டுபோனார். முதல் உலகப்போர் அவருடைய பழைய பண்ணையை அழித்திருந்தது. நார்மண்டியில் கிளேர் என்ற ஊரில் புதிதாகத் தொடங்கியிருந்தார். 1925-ல் அங்கே எட்வர்ட்ஸ் முதன்முதலாகக் குஞ்சு பொரித்தது. மிஞ்சிய பறவைகளை அவர் பிற நாட்டு வளர்ப்பாளர்களுக்குக் கொடுத்தார். 1940-ல் குண்டுவீச்சில் கிளேரும் அழிந்தது. டெலக்கூர் அமெரிக்காவுக்குத் தப்பினார். கொடுத்துவைத்த பறவைகள் அடுத்தவர் கூண்டுகளில் பிழைத்திருந்தன.

வியட்நாம் காட்டில் எட்வர்ட்ஸைக் கடைசியாக உறுதியாகப் பார்த்தது 2000-ல். அதன்பின் கண்ணிகளும் அழிந்த காடும்தான் மிச்சம். இன்று கூண்டுகளில் இருக்கும் எட்வர்ட்ஸ்கள் பெரும்பாலும் அந்த முப்பதுக்குள் அடங்கிய பறவைகளின் வழித்தோன்றல்கள். அவற்றிலும் சிலவற்றில் தைவானின் ஸ்வின்ஹோ ஃபெசன்ட் கலந்திருப்பதை மரபணுச் சோதனைகள் காட்டின. எந்த வருடமோ ஒருவர் பெட்டை கிடைக்காமல் வேறொன்றைச் சேர்த்து, எழுதாமல் விட்டிருக்கிறார். சொந்தக் காட்டுக்குத் திருப்பி அனுப்ப வியட்நாமில் முயற்சி நடக்கும்போது, அந்த எழுதப்படாத ஒரு வரியை ஆய்வுக்கூடத்தில் ரத்தத்தில் தேடவேண்டியிருக்கிறது.

நம் ஊருக்கு வருகிறேன். சிறுமியாக சென்னை மூர் மார்க்கெட்டில் அப்பாவின் கையைப் பிடித்து நான் பார்த்தவை காட்டில் பிடித்த பச்சைக்கிளிகளும் சாயம் பூசிய சில்லைகளும். 1985-ல் மார்க்கெட் எரிந்தது. 1990-களின் தொடக்கத்தில் இந்தியக் காட்டுப் பறவைகளின் வியாபாரம் சட்டப்படி முழுதாக நின்றது. நம் இமயமலையின் மோனாலையும் காலிஜையும் யாரும் வாங்கவோ விற்கவோ கூடாது. அது மிகச் சரி. அயல்நாட்டு இனங்களைக் கூண்டிலேயே பெருக்கி விற்கும் பழக்கம் பிறகு பரவியது. அயல் உயிரினங்களில் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ளவற்றை வளர்ப்போர் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதியவேண்டும் என்ற விதி 2024-ல் வந்திருக்கிறது. கோல்டனும் ஆம்ஹர்ஸ்ட்டும் அந்தப் பட்டியலில் இல்லை. அவற்றின் கணக்கை எழுத வேண்டிய கை வளர்ப்பவரின் கைதான்.

அதனால் ஒரு நீளக் கணக்கு நோட்டு போட்டேன். ஒவ்வொரு குஞ்சுக்கும் சிறு வயதிலேயே காலில் எண் போட்ட அலுமினிய வளையம். நோட்டில் தாய், தகப்பன், பொரித்த நாள், போன ஊர். வாங்க வருபவரைக் கூண்டுக்குள் அழைத்துப்போய்ப் பெற்றோரைக் காட்டிவிட்டுத்தான் பேச்சு. பறவையோடு அந்தப் பக்கத்தின் நகலையும் கொடுக்கிறேன். கலப்புச் சேவலை விற்கவில்லை. நிழல்வலைக்கு அடியில், முருங்கை ஓரத்துக் கூண்டில் தனியாக இருக்கிறது. வெயில் பட்டால் இவற்றின் நிறம் வெளிறும், அதனால் நல்ல நிழல் அதற்குத்தான். அழகில் அதற்கு ஒரு குறையும் இல்லை. கேட்டு வந்தவர்கள் உண்டு. என் வாசலைத் தாண்டினால் அடுத்த கையில் அது மறுபடி ஒரிஜினல் ஆகிவிடும் என்று எனக்குத் தெரியும்.

போன ஆனி மாதம் இரவு எட்டு மணிக்கு ஒரு போன். பழக்கமில்லாத குரல், சின்னப் பையன்.

“அம்மா, திருநெல்வேலியில இருந்து பேசுறேன். ஒரு கோல்டன் பெட்டை வாங்கியிருக்கேன். கால்ல வளையம் இருக்கு, எண் 14. பேப்பர்ல உங்க நம்பர் போட்டிருந்துச்சு. என்கிட்ட இருக்கிற சேவலும் உங்க வழியில வந்ததுன்னு சொன்னாங்க. ரெண்டையும் சேக்கலாமாம்மா?”

அந்தப் பெட்டையை நான் ஈரோட்டுக்காரர் ஒருவருக்குக் கொடுத்திருந்தேன். அங்கிருந்து எத்தனை கை மாறியதோ, நகல் எடுத்த காகிதமும் அதோடு கூடவே போயிருக்கிறது. கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு நோட்டைப் பிரித்தேன்.

“சேவலோட எண் என்ன கண்ணு?”

“31-ம்மா.”

பக்கத்தைத் திருப்பினேன். இரண்டுக்கும் தகப்பன் ஒன்றே.

“சேக்காத சாமி. அண்ணன் தங்கச்சி. வேற ஊர்ச் சேவல் ஒண்ணு பாரு. அது வந்ததும் அதோட விவரத்தையும் அதே பேப்பர்ல எழுதி வை.”

சரிங்கம்மா என்று வைத்துவிட்டான். 14-க்கு நேரே, ஈரோட்டுக்குக் கீழே, திருநெல்வேலி என்று எழுதித் தேதி போட்டேன்.