பிளாச்சிமடா: பந்தலில் தொடங்கிய ஓட்டு

2011 பிப்ரவரி 24. கோகோ கோலா ஆலையால் பாதிக்கப்பட்ட பிளாச்சிமடா மக்களுக்கு இழப்பீடு வழங்க, சிறப்புத் தீர்ப்பாயம் அமைக்கும் மசோதாவைக் கேரள சட்டமன்றம் ஒருமனதாக நிறைவேற்றியது. ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி எல்லாம் ஒரே பக்கம். அந்த ஒற்றுமை எங்கிருந்து வந்தது?

பிளாச்சிமடா, பாலக்காடு மாவட்டம் பெருமாட்டி பஞ்சாயத்தில் தமிழக எல்லையை ஒட்டிய ஊர். எரவாளர், மலசர் பழங்குடிகளும் தலித்துகளும் வாழும் பகுதி. 2000இல் ஆலை வந்தது. சில மாதங்களிலேயே கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க முடியாமல் போனது. பெண்கள் குடத்தோடு தூரம் நடந்தார்கள். உரம் என்று விவசாயிகளுக்குக் கொடுக்கப்பட்ட ஆலைக்கழிவில் காட்மியமும் ஈயமும் இருந்ததை 2003இல் பிபிசி வானொலி வெளிக்கொண்டு வந்தது.

அதற்கு முன்பே, 2002 ஏப்ரல் 22 அன்று மக்கள் ஆலை வாசலில் பந்தல் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். முன்னணியில் நின்றவர் எரவாளர் சமூகத்தைச் சேர்ந்த மயிலம்மா. பெரிய கட்சிகள் ஆரம்பத்தில் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

முதலில் மனம் மாறியது பஞ்சாயத்து. ஆலைக்கு உரிமம் கொடுத்ததும் அதே பஞ்சாயத்துதான். ஆலையிலிருந்து அதற்கு வருமானமும் வந்தது. ஆனால் அந்தப் பந்தல் அதன் எல்லைக்குள்ளேயே இருந்தது. 2003 ஏப்ரலில் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தார்கள். நீதிமன்றத்திலும் அதற்காகப் போராடினார்கள். 2004 மார்ச்சில் உற்பத்தி நின்றது.

மயிலம்மா 2007இல் இறந்தார். போராட்டம் இழப்பீட்டுக்கான போராட்டமாகத் தொடர்ந்தது. 2010இல் அரசின் உயர்மட்டக் குழு, சேதம் சுமார் 216 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டது. மறு ஆண்டு மசோதா வந்தபோது, தேர்தலுக்கு ஏழு வாரங்களே இருந்தன. பிளாச்சிமடாவுக்கு எதிராகக் கை தூக்க யாருக்குத் துணிச்சல் வரும்?

ஆனால் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்காமல் அந்த மசோதா டெல்லியிலேயே முடங்கியது. மக்களுக்கு இழப்பீடு கிடைக்கவில்லை.

தோழர்களே, பஞ்சாயத்து தன் வருமானத்தைப் பணயம் வைத்து ஓட்டுப் போட்டது. சட்டமன்றம் எதையும் இழக்காமல் போட்டது. ஒரு தீர்மானம் நமக்குச் சாதகமாக நிறைவேறும்போது, ஓட்டுப் போட்டவர்கள் அதற்காக எதை இழக்கத் தயார் என்று கேளுங்கள். அந்தச் சட்டம் நடைமுறைக்கு வரும்வரை பந்தலைப் பிரிக்காதீர்கள்.