வாசற்படியின் பெயர் கொண்ட கல்

கடப்பை என்னும் ஊருக்கு அப்பெயர் வந்த காரணத்தைக் கூறுவோர், வாசற்படியைக் குறிக்கும் 'கடப' என்ற தெலுங்குச் சொல்லையே ஆதாரமாகக் காட்டுவர். திருவேங்கடவனைத் தரிசிக்க வரும் யாத்திரிகர்களுக்கு அவ்வூரே வாசலாக விளங்கியது என்பது ஐதிகம். அந்த ஊரின் பெயரைத் தாங்கிய கரும்பாளம் தமிழ்நாட்டுக் குடும்பங்களின் தாழ்வாரத்திலும் அலமாரித் தட்டிலும் அடுப்பு மேடையிலும் குடிபுகுந்து, 'கடப்பா' என்ற ஒரே சொல்லால் வழங்கலாயிற்று. அது ஓர் ஊரின் பெயர் என்பதைக்கூட மறந்துவிடும் அளவுக்கு நாம் அதனோடு பழகிவிட்டோம்.

நிறத்தைக் கண்டு இதைக் கருங்கல்லின் இனமென்று மயங்குவோர் உண்டு. ஸ்வபாவத்தில் இது சுண்ணாம்புக் கல்லே. வில்லியம் கிங் என்னும் பூகர்ப்ப சாஸ்திரி கடப்பை, கர்நூல் பிரதேசத்துப் பாறைகளைப் பற்றி 1872-இல் விரிவான நூல் ஒன்றை வெளியிட்டார்; ஜம்மலமடுகுக்கு அருகிலுள்ள நர்ஜி என்ற சிற்றூரின் பெயராலேயே இக்கல்லை சாஸ்திரிகள் அழைக்கின்றனர். பல கோடி ஆண்டுகளுக்கு முன் நீருக்கடியில் படிவு படிவாக அமைந்த காரணத்தால், இரண்டு படிவுகள் சந்திக்கும் இடம் பார்த்து ஆப்பை அடித்துக் கடப்பாரையால் நெம்பினால், வாளின் உதவியே இல்லாமல் பலகை பலகையாகப் பெயர்ந்து வருவதுதான் இதன் தனிப்பெருமை. கருங்கல்லோ வரிசையாகக் குழி வெட்டிப் பிளந்து, பின் நெடுநேரம் அறுத்தும் தேய்த்தும் பாடுபட்டாலன்றிப் பலகையாகாது. ஆகவேதான் அது கோயிலுக்கும் அம்மிக்கும் ஆட்டுக்கல்லுக்கும் உரியதாயிருந்த காலத்தில், எளிய சம்பளக்காரனின் வீட்டிலும் ஒரு கற்பலகை இருக்கக்கூடும் என்ற நிலையைக் கடப்பைக் கல் உண்டாக்கியது. அதை ஒரு சிறிய உபகாரமென்று நான் கருதவில்லை.

இக்கல் நம் பக்கம் வந்ததற்குச் சரித்திரமும் துணை நின்றது. 1800-இல் நிஜாம் கிழக்கிந்தியக் கம்பெனியாருக்கு விட்டுக்கொடுத்த சீமையில் கடப்பையும் அடங்கியிருந்தது. அன்று முதல் 1953-இல் ஆந்திர ராஜ்யம் பிரியும்வரை அது சென்னை ஆட்சியின் கீழேயே இருந்தது. சென்னையிலிருந்து கடப்பை வழியாகச் சென்ற இருப்புப்பாதை 1871-இல் ராய்ச்சூரில் பம்பாய்ப் பாதையோடு இணைந்தது. இத்தகைய பாரமான சரக்குக்கு ரயில் எத்துணை அவசியம் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

தரையில் குந்தி விறகடுப்பை ஊதிய பெண்கள் நின்றபடி சமைக்கத் தொடங்கியபோது, மேடைக்கு ஒரு பலகை வேண்டியதாயிற்று. கடப்பை அங்கே ஏறியது. அங்கேதான் அதற்குச் சோதனையும் காத்திருந்தது. நம் சமையல் புளியின்றி நடப்பதில்லை; சுண்ணாம்புக் கல்லோ புளிப்பைச் சகிப்பதில்லை. கரைத்த புளியோ எலுமிச்சைச் சாறோ சிறிது நேரம் தங்கினால், மெருகு கரைந்து வெளிறிய தழும்பொன்று நிலைத்துவிடும். எங்கள் வீட்டு மேடையில் புளிச்சட்டி வைத்த வட்டங்கள் பல இருந்தன. வெள்ளிக்கிழமைதோறும் என் பாட்டி தேங்காயெண்ணெயில் நனைத்த துணியால் துடைப்பாள், கல் ஒருநாள் கறுத்துப் பளபளக்கும், மறுநாள் வட்டங்கள் மெல்லத் திரும்பிவிடும். விலையுயர்ந்த சலவைக்கல்லுக்கும் இதே குறை உண்டென்பதைப் பலர் பணம் கொடுத்த பிறகே அறிகின்றனர்.

வைரமுனை வாள்கள் பெருகியபின் கருங்கல்லும் பலகையாயிற்று. பல்லாவரத்துக் கருங்கல் அதற்கு முன்பே கீர்த்தி பெற்றது: கல்கத்தாவிலுள்ள, கம்பெனி அதிகாரியான ஜாப் சார்னாக்கின் சமாதிக்கல் அவ்வினத்தைச் சேர்ந்ததெனக் கண்டு, தாமஸ் ஹாலண்ட் என்னும் பூகர்ப்ப சாஸ்திரி 1893-இல் அதற்குச் சார்னாக்கைட் என்று பெயரிட்டார். இத்தகைய கல் புளிக்கு அஞ்சாது. அடுப்பு மேடைக்கு அதுவே தகுதியானது என்பதை, கடப்பையிடம் எவ்வளவு பிரியமிருந்தாலும், ஒப்புக்கொள்கிறேன். கடையில் கல்லின் இனம் தெரியாவிட்டால், ஒரு துண்டில் எலுமிச்சைச் சாறு விட்டுச் சற்று நேரம் பொறுத்துத் துடைத்துப் பார்ப்பது போதும். தாழ்வாரத்திற்கும் அலமாரிக்கும் மட்டும் நான் இன்றும் கடப்பையையே சொல்வேன். சித்திரை வெயிலில் வெளியே அலைந்து வந்தவன் வெறுங்காலோடு அதன்மேல் நிற்கும்போது, அந்தக் குளிர்ச்சி முழங்கால்வரை ஏறும்.