சூனியக்காரி வம்சமா? ஒரு மருத்துவப் பிழையின் கதை

ஹண்டிங்டன் நோய் பற்றிக் கேள்விப்பட்டிருக்கீங்களா? கை, கால் தானாகவே ஆடும். மெல்ல மெல்ல அறிவும் தடுமாறும். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் 50% வாய்ப்பு.

1872ல் இதைப் பற்றிய கட்டுரை வெளியானப்போ ஜார்ஜ் ஹண்டிங்டனுக்கு வயசு வெறும் 22. ஆனா லாங் ஐலண்டில் அவரோட அப்பா, தாத்தா ரெண்டு பேருமே டாக்டர்கள். மூணு தலைமுறையா நேரில் பார்த்த குடும்பங்கள் அவை.

சிக்கல் 1932ல் வந்தது. வெஸ்ஸி என்ற மருத்துவர், 1630ல் இங்கிலாந்தின் பியூர்ஸ் பகுதியிலிருந்து கப்பலேறிய சிலர்தான் நோயை அமெரிக்காவுக்குக் கொண்டு வந்தாங்கன்னு ஒரு வம்சாவளி போட்டார். அதோடு விட்டாரா? அந்த வம்சப் பெண்கள் சிலர் மேல சூனியக்காரின்னு பழி வந்ததையும் இதே நோயோடு முடிச்சுப் போட்டார். சுவாரஸ்யமான கதையாச்சே! மருத்துவ நூல்கள் பல வருஷம் இதையே திருப்பிச் சொன்னன.

1969ல் ஹான்ஸ், கில்மோர் என்ற இருவர் அந்த வம்சாவளியை மறுபடி சோதிச்சாங்க. சூனிய முடிச்சு நிற்கல.

ஆனா நோயை மறைச்சே வாழ்ந்த குடும்பங்கள் மேல அதுக்குள்ள இன்னொரு பழி ஏறியாச்சு.

1993ல் மரபணுவே கிடைச்சிடுச்சு. இப்பவும் யாராவது "எங்க தாத்தாவுக்கும் இப்படித்தான்"னு சொன்னா, "நேர்ல பார்த்தது யாரு?"ன்னு கேட்டுட்டுத்தான் எழுதுறேன்.