மூன்று துளைக் கழிவறையின் கதை

நீங்கள் மண்ணச்சநல்லூருக்குச் சென்றிருந்தால் அங்குள்ள அரிசி ஆலைகளைப் பார்த்திருப்பீர்கள். நெல் அவிக்கும் கொதிகலனில் உமி எரிகிறது, சாம்பல் மிஞ்சுகிறது. வீட்டு அடுப்பிலும் மிஞ்சுகின்ற இச்சாம்பல், ஒரு கழிவறைத் தொழில்நுட்பத்துக்கு அடிப்படை என்றால் வியப்பாக இருக்கும். அத்தொழில்நுட்பம் பெயர் பெற்ற இடம் தொலைவில் இல்லை. அடுத்த வட்டமான முசிறியே அது.

குழியில் ஊறும் நீர்

முசிறி காவிரியின் வடகரையில் உள்ளது. சுற்றிலும் நெல் வயல்களும் வாழைத் தோட்டங்களும் இருப்பதால் நிலத்தடி நீர் மேலாகவே கிடைக்கும். இத்தகைய நிலத்தில் குழிக் கழிவறை அமைத்தால், மழைக்காலத்தில் குழியில் நீர் ஊறிவிடும். மலக்கிருமிகள் கிணற்றையும் அடிகுழாயையும் அடையும். கழிவறை இல்லையென்றால் வெட்டவெளிதான். அதில் பெருந்துன்பம் பெண்களுக்கே. விடியுமுன் போகவேண்டும், இல்லையேல் இருட்டும்வரை அடக்கிக்கொள்ள வேண்டும்.

குழி தோண்டாமல், தரைக்கு மேல் இரண்டு அறைகள் கட்டி மலத்தை உலரவைக்கும் முறை 1950-களில் வியட்நாமில் தோன்றியது. சிறுநீரைத் தனியே பிரித்துவிட்டு, மலத்தின்மீது சாம்பல் தூவுவார்கள். ஈரம் வற்றும், காரத்தன்மை மிகும், கிருமிகள் மடியும். ஓர் அறை நிரம்பியதும் அதை மூடிவிட்டு மற்றதைப் பயன்படுத்துவர். மூடிய அறையில் உள்ளது ஆறு மாதங்களுக்குக் குறையாமல் கிடந்து எருவாகும்.

இதை நம் ஊரில் அப்படியே கட்டினால் பயன்படுமா? சற்றுச் சிந்தித்துப் பாருங்கள்.

நாம் கால் கழுவுகிற வழக்கம் உடையவர்கள். அந்த நீர் அறைக்குள் விழுந்தால் மலம் உலராது. நாற்றமும் புழுவுமே மிஞ்சும். "கழுவாதீர்கள்" என்று மக்களிடம் சொல்லலாம், யார் கேட்பார்கள்? மக்களை மாற்றுவதைவிடக் கோப்பையை மாற்றுவது எளிது.

மூன்றாவது துளை

1990-களில் திருவனந்தபுரத்தை அடுத்த மீனவர் ஊர்களில் பணியாற்றிய பால் கால்வெர்ட் என்னும் ஆங்கிலேயப் பொறியாளர் இதைத்தான் செய்தார். அங்கும் நிலத்தடி நீர் மேலாகவே இருந்தது. சிறுநீருக்கு ஒன்று, மலத்துக்கு ஒன்று, கழுவும் நீருக்கு ஒன்று என மூன்று வழிகள் கொண்ட அமைப்பு உருவாயிற்று. கழுவிய நீர் செடிகள் வளர்க்கும் பாத்திக்குச் செல்லும்.

2000-க்குப் பின், சுப்புராமன் தலைமையிலான 'ஸ்கோப்' என்னும் தொண்டு நிறுவனம் கால்வெர்ட்டின் துணையோடு இம்முறையைத் திருச்சி மாவட்டத்துக்குக் கொண்டுவந்தது. 2006-இல் முசிறி சாலியர் தெருவில் பொதுக் கழிவறை ஒன்று கட்டப்பட்டது. 2008 அளவில் அதைப் பயன்படுத்துவோருக்கு முறைக்கு 10 பைசா கொடுக்கவும் தொடங்கினர். கட்டணம் வாங்கும் கழிவறையைத்தானே நாம் அறிவோம்!

காசு கொடுத்ததற்குக் காரணம் உண்டு. நம் உடலிலிருந்து வெளியேறும் நைட்ரஜனில் பெரும்பகுதி சிறுநீரில்தான் இருக்கிறது. அது பெரும்பாலும் யூரியாவாகவே வருகிறது. திருச்சியிலுள்ள தேசிய வாழை ஆராய்ச்சி மையத்தின் அறிவியலாளர்கள் சிறுநீரை வாழைக்கு உரமாக இட்டு ஆராய்ந்து, அதை இடும் முறையையும் வகுத்தனர். 2021-இல் சுப்புராமனுக்குப் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது.

இம்முறைக்குக் குறைகளும் உண்டு. ஒருவர் சாம்பல் தூவ மறந்தாலும், நீரைத் தவறான துளையில் ஊற்றினாலும் எல்லோருக்கும் தொல்லை. எருவானாலும் அதை அள்ளப் பலர் கூசுவர். மலம் அள்ளும் வேலையைச் சில சாதியார்மீது சுமத்திய சமூகத்தில் இந்தக் கூச்சத்தைப் பொறியியல் மட்டும் போக்கிவிடாது.

ஆயினும் ஒன்றை நினைவில் வையுங்கள். முன்பே இருந்த இரண்டு வழிகளோடு மூன்றாவதைச் சேர்க்கப் புதிய அறிவியல் விதி எதுவும் தேவைப்படவில்லை. பயன்படுத்தப்போகிறவர் அன்றாடம் என்ன செய்கிறார் என்று பார்த்ததே போதுமானதாயிற்று.