எட்டுக் குரலுக்கு ஒரே வாய்

ஒரே சுதியில் 'ஆ' என்று தொடங்கி, மூச்சு விடாமல் 'ஊ' வரை இழுத்துப் பாருங்கள். சுதி மாறாது, வாய் குவியக் குவிய ஒலி மட்டும் மங்கும். சிந்தசைசரில் ஃபில்டர் செய்வதும் ஏறக்குறைய இதே வேலைதான். ஆஸிலேட்டர் தருவது மேற்சுரங்கள் நெருக்கியடிக்கும் முரட்டு அலை. அதில் எதை விடுவது, எதை நிறுத்துவது என்பது ஃபில்டரின் கையில்.

ராபர்ட் மூக் 1969இல் காப்புரிமை பெற்ற ஏணி ஃபில்டர் இவற்றுள் புகழ்பெற்றது. நான்கு படிகளாக டிரான்சிஸ்டர் இணைகள். வெட்டு எல்லையைத் தாண்டினால் ஸ்தாயிக்கு 24 டெசிபல் வீதம் ஒலி அடங்கும். அன்றைய மூக் கருவிகள் ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான் வாசித்தன, ஆகவே ஒரு ஃபில்டர் போதும். பல கட்டைகளைச் சேர்த்து அழுத்த வேண்டும் என்றபோதுதான் சிக்கல் வந்தது. சுரத்துக்கு ஒரு ஃபில்டரா, எல்லாவற்றுக்கும் ஒன்றா?

பல்குரல் சிந்தசைசரின் வரலாற்றை 'எத்தனை சுரம் சேர்ந்து ஒலித்தது' என்றே பெரும்பாலும் எழுதுகிறார்கள். எத்தனை ஃபில்டர் இருந்தது என்று எண்ணுவதே நேர்மை என்பது என் கட்சி. மூன்று கட்டைகளை அழுத்திப் பிடித்திருக்கிறீர்கள். ஃபில்டர் மெல்ல மூடி, ஒலி அடங்கிவருகிறது. நான்காவது கட்டையைத் தொடுகிறீர்கள். பொது ஃபில்டர் என்றால் அது புதுச் சுரத்துக்காகத் திறக்கும்போது, உறங்கப்போன மூன்றும் எழுந்து கூடவே கூவும்.

1975இல் வந்த ஓபர்ஹைம் ஃபோர் வாய்ஸ் இதற்கு நேரடியான விடை: முழுச் சிந்தசைசர்கள் நான்கை ஒரே பெட்டியில் வைத்தார்கள். நான்கும் ஒன்றுபோல ஒலிக்க ஒவ்வொரு குமிழையும் நான்கு முறை திருப்ப வேண்டும். 1977இல் கோர்க் பிஎஸ்-3300 கட்டைக்கு மூன்று ஃபில்டர் என்று 48 கட்டைக்கு 144 வைத்தது. அதே ஆண்டின் யமஹா சிஎஸ்-80இல் எட்டுக் குரல், குரலுக்கு நான்கு ஃபில்டர், எடை சுமார் 100 கிலோ. ஆனால் ஒரு விரலைக் கூடுதலாக அழுத்தினால் அந்த ஒரு சுரம் மட்டும் வெளிச்சம் பெறும், மற்றவை அப்படியே இருக்கும். 'பிளேட் ரன்னர்' படத்தில் வாஞ்செலிஸ் வாசித்ததைக் கேட்டவர்களுக்கு அந்த 100 கிலோவுக்கான நியாயம் விளங்கும்.

விலையை இறக்கியது சில்லுதான். 1978இன் புரோஃபெட்-5இல் ஐந்து குரலுக்கு ஐந்து ஃபில்டர் சில்லுகள். முதலில் எஸ்எஸ்எம், பிறகு கர்ட்டிஸ். எந்த இரண்டு சில்லும் அச்சாக ஒன்றாயிராது. அதே கட்டையைத் திரும்பத் தட்டினாலும் நிறம் ஒரு நூலிழை மாறும். அதைத்தான் ரசிகர்கள் 'உயிர்' என்கிறார்கள். எனக்கு அது பாதி உண்மை, பாதி ஏக்கம்.

1983இல் இரண்டு எதிரெதிர்த் திசைகள். கோர்க் பாலி-800 எட்டுக் குரலுக்கும் ஒரே ஃபில்டர் வைத்து 1,000 டாலருக்குள் வந்தது. யமஹா டிஎக்ஸ்7இல் ஃபில்டரே கிடையாது. ஜான் சௌனிங் கண்ட எஃப்எம் முறையில், பதினாறு சுரங்களுக்கும் தனித்தனி நிறத்தைக் கணக்குப் போட்டே உண்டாக்கியது.

இன்று மென்பொருளில் சுரத்துக்கு ஒரு ஃபில்டர் என்பது சில பெருக்கல்கள்தான். ஆனாலும் 2013இல் கோர்க் வெளியிட்ட வோல்கா கீஸ் மூன்று குரலுக்கு ஒரே அனலாக் ஃபில்டரோடு வந்தது. மூன்றும் சேர்ந்து கூவுவதற்காகவே அதை வாங்கியவர்களும் உண்டு.